வீழ்ந்த நாயகர்கள் – 6: பந்தியிலிருந்து எழுந்து வந்தவன்

போன வாரம் மூன்று சூனியக்காரிகளோடு நிறுத்தியிருந்தோம். வருங்கால அரசன் என்று அவர்கள் வாழ்த்திவிட்டுப் போன பிறகு மேக்பெத்தின் மனதில் ஆசை வேர்விட்டுவிட்டது. இந்த வாரம் ‘மேக்பெத்’ நாடகத்தின் முதல் அங்கத்தில் வரும் ஏழாம் காட்சி. நாடகத்தின் உயிர்நிலை இதுதான் என்பேன். அரசர் டங்கனின் கொலையைக்கூட ஷேக்ஸ்பியர் மேடையில் காட்டவில்லை. கொலைக்குச் சம்மதிப்பதைத்தான் காட்டினார்.

அரசர் டங்கன் மேக்பெத்தின் கோட்டைக்கு வந்து தங்கியிருக்கிறார். உள்ளே விருந்து நடக்கிறது. பாதியில் எழுந்து வந்து மேக்பெத் தனியே நிற்கிறான். டங்கன் என் உறவினர், என் அரசர், இன்றிரவு என் விருந்தாளி. கொலைகாரன் வந்தால் கதவடைத்துக் காக்கவேண்டிய நானே கத்தி எடுப்பதா? மனிதரோ சாது. என்னை உந்துவது பேராசை ஒன்றுதான். இத்தனையும் அவனே தனக்குச் சொல்லிக்கொள்வது. இவனையா ஆரம்பத்திலேயே உறுதியில்லாதவன் என்று தள்ளிவிடுவது?

மனைவி வருகிறாள். இந்தக் காரியம் வேண்டாம், விட்டுவிடுவோம் என்கிறான். ஆனால் அதற்கு அவன் சொல்லும் காரணத்தைக் கவனியுங்கள். அரசர் இப்போதுதான் கௌரவித்திருக்கிறார், எல்லோரும் புகழ்கிறார்கள், அந்தப் புகழை அதற்குள் உதறுவானேன்? அவ்வளவுதான். பாவம், துரோகம், விருந்தாளி என்ற பேச்சே அவன் வாயில் வரவில்லை. கிரீடத்தின் மேல் வைத்த ஆசை இன்னும் விட்டபாடில்லை. அதனால்தான் மனசாட்சி சொன்னதை மனைவியிடம் மறைக்கிறான்.

அவளுக்கு அது போதும். பேர்தான் பெரிது என்றவனின் பேரிலேயே கை வைக்கிறாள். நீ கோழை என்கிறாள். என்மேல் வைத்த அன்பும் இப்படித்தானா என்கிறாள். அன்று துணிந்தாயே, அப்போதுதான் நீ ஆண்பிள்ளை என்கிறாள். உன்னைப்போல் நான் சபதம் செய்திருந்தால், பால் குடிக்கும் குழந்தையையும் பிடுங்கி மண்டையை உடைத்திருப்பேன் என்கிறாள். கொலை சரியா, தவறா என்ற பக்கமே அவள் போவதில்லை.

மனிதனுக்குத் தகுந்த எதையும் செய்யத் துணிவேன், அதைத் தாண்டினால் மனிதனே இல்லை என்று ஒருமுறை பதில் சொல்கிறான். நல்ல பதில். ஆனால் அடுத்து அவன் வாய்திறந்து கேட்பது: தோற்றுப்போனால்? வேண்டாம் என்றவன் முடியுமா என்று கேட்டுவிட்டான். காவலர்களுக்கு மதுவைக் கொடுத்துச் சாய்த்துவிடலாம் என்று அவள் வழி சொல்கிறாள். அவர்கள் மேல் ரத்தத்தைப் பூசிவிடலாம் என்று அவனே சேர்த்துச் சொல்கிறான்.

இந்தக் கதையை ஷேக்ஸ்பியர் எங்கிருந்து எடுத்து எப்படி மாற்றினார் என்றும் பார்க்கவேண்டும். சரித்திரத்து மேக்பெத் 1040இல் டங்கனை வீழ்த்தி 1057 வரை ஆண்டவன். ஷேக்ஸ்பியருக்குக் கைகொடுத்த ஹாலின்ஷெட்டின் வரலாற்று நூலில் டங்கன் ஆளத் தெரியாத அரசன். மேக்பெத்தின் தோழன் பாங்கோவும் சதியில் பங்காளி. விருந்தாளியான அரசனைக் கொல்வது அதே நூலில் வரும் டான்வால்டின் கதை. அவனைத் தூண்டியதும் மனைவிதான். அந்தக் கொலையை எடுத்து மேக்பெத்தின் தலையில் வைத்த ஷேக்ஸ்பியர், டங்கனை நல்லவராக்கி, பாங்கோவையும் சதியிலிருந்து விலக்கி, மேக்பெத்துக்கு ஒரு சாக்கும் மிஞ்சாமல் செய்துவிட்டார்.

மறுபடி நாடகத்துக்கு வருவோம். மூன்றாம் அங்கத்தில் பாங்கோவைக் கொல்ல மேக்பெத் ஆட்களை ஏவுகிறான். அவர்களிடம் கேட்கிறான்: நீங்களெல்லாம் ஆண்பிள்ளைகள்தானா? மனைவியிடம் அடிபட்ட அதே ஆயுதம். என்ன செய்யப்போகிறீர்கள் என்று அவள் கேட்கும்போது, உனக்குத் தெரியவேண்டாம் என்று சொல்லிவிடுகிறான்.