இரண்டு கோயில் மணிகள், ஒரு கேள்வி

ஜேர்மனியின் பல ஊர்களில் இரண்டு கோபுரங்கள் அருகருகே நிற்பதை எம்மவர்கள் கண்டிருப்பீர்கள். ஒன்று கத்தோலிக்கக் கோயில். மற்றது 'எவாங்கெலிஷ்' எனப்படும் சீர்திருத்த சபையாரின் கோயில். நகரசபையில் பதியப் போனால் படிவத்திலும் இவை வெவ்வேறாகவே கேட்கப்படும். ஊரிலே 'வேதக்காரர்' என்ற ஒரு சொல்லுக்குள் எல்லாரையும் அடக்கிப் பழகிய எமக்கு இது புதிராகவே இருக்கும். இந்தப் பிரிவு எப்படி வந்தது? இன்று எந்த நிலையில் இருக்கிறது?

பிரிவின் வேர்

1517 ஒக்ரோபர் 31 இல் விற்றன்பேர்க் நகரில் துறவியும் பேராசிரியருமான மார்ட்டின் லூதர் 95 கருத்துரைகளை வெளியிட்டார். பாவமன்னிப்புச் சீட்டுகள் பணத்துக்கு விற்கப்பட்டமையே உடனடிக் காரணம். அடியில் இருந்த கேள்வியோ பெரிது: மனிதன் கடவுள் முன்னிலையில் நீதிமானாவது எவ்வாறு? கடவுளின் அருளால் மட்டுமே, அதை விசுவாசத்தால் மட்டுமே பெறுகிறோம் என்றார் லூதர். நற்செயல் அருளின் கனி. அதற்குக் கொடுக்கும் விலையல்ல.

இக்கேள்வி எமக்கும் புதிதல்ல. குரங்குக்குட்டி தாயைத் தானே பற்றிக்கொள்ளும். பூனைக்குட்டியைத் தாயே கவ்விச் செல்லும். வைணவத்தில் வடகலையார் முன்னதையும் தென்கலையார் பின்னதையும் உவமை காட்டுவர். லூதர் பூனைக்குட்டியின் பக்கம் நின்றார் எனலாம். அருளே முதல் என்பதைக் கத்தோலிக்க சபையும் மறுக்கவில்லை. ஆயினும் அருளால் தூண்டப்பட்ட மனிதன் அதற்கு இசைந்து ஒத்துழைக்கிறான் என்று அது போதித்தது. 1547 இல் திரெந்துப் பொதுச்சங்கம் மாற்றுக் கருத்துகளைக் கண்டித்து விலக்கியது. மதில் எழுந்தது.

மதில் இறங்கிய நாள்

1518 இல் கர்தினால் கஜெத்தான் அவுக்ஸ்பேர்க் நகரில் லூதரை விசாரித்தார். அப்போது லூதர் தங்கியிருந்தது புனித அன்னாள் மடத்தில். 481 ஆண்டுகளின் பின், 1999 ஒக்ரோபர் 31 இல், அதே அன்னாள் கோயிலில் லூதரன் உலக சம்மேளனமும் கத்தோலிக்க திருச்சபையும் ஒரு கூட்டுப் பிரகடனத்தில் ஒப்பமிட்டன. நீதிமானாக்கப்படுதல் பற்றிய அடிப்படை உண்மைகளில் இரு தரப்பும் ஒன்றுபடுவதாகவும், பழைய கண்டனங்கள் இப்பிரகடனத்தில் கூறப்பட்ட போதனைக்குப் பொருந்தா எனவும் அது அறிவித்தது. நூற்றுக்கும் மேற்பட்ட ஜேர்மன் இறையியல் பேராசிரியர்கள் முன்னரே இதை எதிர்த்திருந்தனர். எனினும் 2006 இல் மெதடிஸ்த சபைகளும் இதனை ஏற்றுக்கொண்டன.

2007 இல் மக்டபேர்க் பேராலயத்தில் 11 திருச்சபைகள் ஒன்றின் திருமுழுக்கை மற்றது ஏற்பதாக ஒப்பமிட்டன. ஆகவே ஒரு சபையில் திருமுழுக்குப் பெற்ற பிள்ளைக்கு மற்றதில் மீண்டும் கொடுக்க வேண்டியதில்லை.

பந்தி இன்னும் ஒன்றல்ல

லூதரன், சீர்திருத்த, ஐக்கிய சபைகள் 1973 இன் லொயன்பேர்க் உடன்பாட்டின் மூலம் ஒரே திருவிருந்தில் பங்குகொள்கின்றன. கத்தோலிக்கருடன் அந்த நிலை இன்னும் வரவில்லை. குருத்துவம் பற்றியும் திருச்சபை பற்றியும் கருத்து வேற்றுமை நீடிப்பதே காரணம். இதன் சுமையை அதிகம் உணர்வது கலப்புத் திருமணக் குடும்பங்களே. வீட்டில் ஒரே சட்டியில் உண்பவர்கள் ஞாயிறன்று வெவ்வேறு பந்தியில் நிற்கிறார்கள். கத்தோலிக்கரை மணந்த மற்றச் சபையார் சில சூழ்நிலைகளில் நற்கருணை பெறலாமா என்பது குறித்து 2018 இல் ஜேர்மன் ஆயர்கள் வழிகாட்டல் வெளியிட முயன்றபோது, ஆயர்களுக்குள்ளேயே ஏழுபேர் மறுப்புத் தெரிவித்தனர்.

எமது மண்ணிலும் இதே கதைதான். 1706 இல் தரங்கம்பாடியில் இறங்கிய சீகன்பால்க் என்ற ஜேர்மானியர் லூதரன் போதனையைத் தமிழில் கொண்டுவந்தார். 1947 இல் அங்கிலிக்கன், மெதடிஸ்த, தென்னிந்திய ஐக்கிய சபைகள் கூடித் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. யாழ்ப்பாணத்து அமெரிக்க மிஷன் வழிவந்த சபையும் அதன் ஓர் ஆதீனமாயிற்று. தரங்கம்பாடி வழிவந்த தமிழ் சுவிசேஷ லூதரன் திருச்சபையோ வெளியே நின்றது.

படிவத்தை நிரப்பும்போது

கத்தோலிக்கர் என்றோ எவாங்கெலிஷ் என்றோ பதிவு செய்தவர் வருமானவரி செலுத்துபவராயின், அவ்வரியில் 9 வீதம் திருச்சபை வரியாகச் சேரும். பவேரியா, பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலங்களில் 8 வீதம். சைவர்களுக்கு இது கிடையாது. விளங்காமல் கட்டத்தில் புள்ளடியிட வேண்டாம், கேட்டறிந்து எழுதுங்கள்.

ஐந்நூறு ஆண்டுப் பகையைப் பேசித் தீர்க்க முயலும் நாட்டில் நாம் வாழ்கிறோம். ஒற்றுமை என்பது ஒருவர் மற்றவருள் கரைந்துபோவதல்ல. மற்றவர் சொல்வதை அவர் கருதும் பொருளிலேயே விளங்கிக்கொள்வதில் அது தொடங்குகிறது. சங்கம் சங்கமாகப் பிரிந்து நிற்கும் எமக்கும் இதில் பாடம் உண்டு.