திருவரங்கத்திலிருந்து பத்ரிநாத்: கோடைகாலக் குடும்ப வேன் யாத்திரை

திருச்சிராப்பள்ளி, திருவரங்கம் பகுதிக் குடும்பங்கள் சில, பள்ளி விடுமுறையில் வேன் அமர்த்திக்கொண்டு, சமையற்காரரோடும் பாத்திரங்களோடும் இமயமலையிலுள்ள பத்ரிநாத் வரை சென்று வருவதுண்டு. மேலைநாட்டார் கோடையில் வீட்டு வசதியுள்ள வண்டியிலேயே அலாஸ்கா வரை வடக்கே போவார்கள். நம்மூரில் 'கேரவன்' என்றால் சினிமாப் படப்பிடிப்புதான் நினைவுக்கு வரும். கூரைமேல் அண்டாவும் அரிசி மூட்டையும் கட்டிய டெம்போ டிராவலரே நமக்கு அந்த வீட்டு வண்டி. உறங்குவது மட்டும் சத்திரத்தில்.

ஏன் பத்ரி?

108 திவ்ய தேசங்களில் முதலாவது திருவரங்கம். பெரியாழ்வாரும் திருமங்கையாழ்வாரும் பாடிய பத்ரியும் அவற்றுள் ஒன்று. போகும் வழியிலேயே தேவப்பிரயாகையும் (கண்டமென்னும் கடிநகர்) ஜோஷிமட்டும் (திருப்பிரிதி) வந்துவிடும். அலகநந்தாவும் பாகீரதியும் கலந்து கங்கை என்ற பெயர் பெறுவது தேவப்பிரயாகையில்தான். பத்ரியின் தலைமை அர்ச்சகரான இராவல், கேரளத்து நம்பூதிரி. அத்தனை தூரம் போய்த் தென்னாட்டவரைக் காண்பதில் நம்மவர்களுக்குத் தனி மகிழ்ச்சி.

காலம்

கோயில் நடை ஏப்ரல் இறுதியிலோ மே மாதத்திலோ திறந்து நவம்பரில் அடைக்கப்படும். ஜூன் பிற்பகுதியில் மழை தொடங்கினால் மலைச்சரிவுகள் சாலையை மறிக்கும். 2013 ஜூன் 16, 17 தேதிகளில் பெய்த பெருமழையில் கேதார்நாத் பகுதியில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். பத்ரியிலும் யாத்திரிகர்கள் பல நாள் சிக்கிக்கொண்டனர். எஞ்சுவது மே மாதமும் ஜூன் முற்பகுதியும். நம் பள்ளி விடுமுறையும் அப்போதுதான், நெரிசலும் அப்போதுதான்.

திருச்சியிலிருந்து ஹரித்துவாருக்கு 2,500 கி.மீ.க்கு மேல். முதியவர்கள் உள்ள குடும்பம் டெல்லி வரை ரயிலில் போய், ஹரித்துவாரில் மலைப்பாதை பழகிய ஓட்டுநரோடு வண்டி அமர்த்துவதே மேல் என்பது என் கருத்து. யாத்திரிகர் ஒவ்வொருவரும் உத்தராகண்ட் அரசிடம் முன்பதிவு செய்திருக்க வேண்டும். வாடகை வண்டிக்கு 'கிரீன் கார்டு' வேண்டும். மலைச்சாலையில் இரவுப் பயணத்துக்குத் தடை உண்டு.

கடைசி 45 கிலோமீட்டர்

பலர் கணக்கில் எடுக்காதது உயரத்தைத்தான். திருவரங்கம் கடல்மட்டத்திலிருந்து நூறு மீட்டர் உயரம்கூட இல்லை. ஜோஷிமட் சுமார் 1,900 மீட்டர். பத்ரியோ 3,100 மீட்டருக்கும் மேல். இடையிலுள்ள தூரம் ஏறத்தாழ 45 கி.மீ. மட்டுமே. காலையில் ரிஷிகேசத்தில் புறப்பட்டு இரவுக்குள் பத்ரி சேர்ந்துவிட முயல்வோர் உண்டு. அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் உள்ளதைப் போல் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றே அதிகம். ஒவ்வொரு மூச்சிலும் கிடைக்கும் ஆக்சிஜனும் அந்த அளவுக்குக் குறையும். தலைவலி, குமட்டல், தூக்கமின்மை எல்லாம் வரும். இருதய நோயும் இரத்த அழுத்தமும் உள்ள தாத்தா பாட்டிக்கு ஆபத்து இன்னும் அதிகம். யாத்திரையோ பெரும்பாலும் அவர்களுக்காகத்தான்! ஜோஷிமட்டில் ஓர் இரவாவது தங்கி உடலைப் பழக்கியபின் ஏற வேண்டும். புறப்படுமுன் மருத்துவரைப் பார்ப்பதும் அவசியம். மூச்சுத் திணறினாலோ பேச்சு குழறினாலோ காத்திராமல் உடனே கீழே இறக்கிவிட வேண்டும். "நாளை சேவித்துவிட்டு இறங்கலாம்" என்று அப்போது யாரும் சொல்லக்கூடாது.

சமையல்

அந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 90 பாகை செல்சியஸிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறது, ஆனால் சூடு போதாது. திறந்த பாத்திரத்தில் அரிசி வேக நேரமாகும், பருப்போ இலேசில் குழையாது. குக்கர் இல்லாமல் மலையேறும் சமையற்காரர் திண்டாடுவார். புளிக்காய்ச்சல், பருப்புப்பொடி, நார்த்தங்காய் ஊறுகாய் ஆகியவற்றை வீட்டிலிருந்தே கொண்டுபோனால் சாதம் மட்டும் வடித்தால் போதும்.

வண்டிக்குள் மட்டும் அடுப்பு பற்றவைக்கக் கூடாது. 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையம் அருகே, லக்னோவிலிருந்து வந்த யாத்திரிகர்களின் சுற்றுலாப் பெட்டி தீப்பற்றி ஒன்பது பேர் இறந்தனர். பெட்டிக்குள் அவர்கள் கொண்டுவந்திருந்த சமையல் எரிவாயு சிலிண்டரே காரணம். வேனை ஓரமாக நிறுத்தி, அடுப்பைக் கீழே இறக்கிச் சமைப்பதற்குக் கூடுதலாக அரை மணி நேரம் ஆகும். அந்த நேரத்தையும் முதலிலேயே பயணக் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும்.