எண்ணப்படாத ஊர்களும் பேராசிரியர் ராவ் காட்டிய வழியும்

வெலிமடை நகரமா, கிராமமா? அங்கே சந்தைக்குப் போகிற எவரைக் கேட்டாலும் நகரம் என்றுதான் சொல்வார். தொகைமதிப்புக் கணக்கிலோ அது கிராமம். மாநகர சபை, நகர சபை எல்லைக்குள் வருகின்ற இடங்கள் மாத்திரமே நம் நாட்டில் நகரமாக எண்ணப்படுகின்றன. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைகள் சட்டத்தோடு பழைய பட்டின சபைகள் இல்லாமற்போயின. அதனால் பதுளை மாவட்டத்தில் பதுளை, பண்டாரவளை, ஹப்புத்தளை என்ற மூன்றும்தான் நகரங்கள். பசறையும் லுணுகலையும் ஹாலிஎலவும் கிராமக் கணக்கில் சேர்ந்துவிடுகின்றன. லயங்களில் வாழ்வோர் 'பெருந்தோட்டம்' என்ற மூன்றாவது பிரிவில் வருகிறார்கள். 2012 தொகைமதிப்பின்படி நாட்டின் சனத்தொகையில் நகரத்தார் 18.2 சதவீதம், பெருந்தோட்டத்தார் 4.4 சதவீதம்.

இது வெறும் பெயர்ப் பிரச்சினை அல்ல. வடிகால், குடிநீர், பஸ் நிலையம், பாடசாலை என்று எதைத் திட்டமிட்டாலும் முதலில் கணக்கைத்தான் பார்ப்பார்கள். ஓர் ஊர் எப்படி எண்ணப்படுகிறதோ அப்படித்தான் அது கவனிக்கப்படும். இந்த உண்மையைத் தன் வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட ஒருவரை நம் பிள்ளைகளுக்கு அறிமுகப்படுத்த வேண்டும்.

அவர் பேராசிரியர் வி.கே.ஆர்.வி. ராவ். 1908இல் காஞ்சிபுரத்தில் பிறந்தார். பம்பாயில் பொருளியல் படித்து, பின்னர் கேம்பிரிட்ஜ் சென்றார். அங்கே அவர் ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட கேள்வி எளிமையானது: ஓர் இந்தியர் ஆண்டொன்றுக்கு எவ்வளவு சம்பாதிக்கிறார்? விடைதான் கடினமானது. விவசாயியிடம் கணக்குப் புத்தகம் இல்லை. குடிசைத் தொழிலுக்குப் பதிவேடு இல்லை. கிடைத்த விபரங்களைத் துண்டு துண்டாகச் சேர்த்து, 1931-32ஆம் ஆண்டுக்கான பிரித்தானிய இந்தியாவின் தேசிய வருமானத்தை மதிப்பிட்டார். வறுமையைப் பற்றிய பேச்சுக்கு அது ஓர் அளவுகோலைக் கொடுத்தது.

நாடு திரும்பியவர் டில்லிப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். 1949இல் டில்லி பொருளியல் கல்லூரியை நிறுவினார். அமர்த்தியா சென்னும் மன்மோகன் சிங்கும் பிற்காலத்தில் படிப்பித்த இடம் அது. 1957 முதல் 1960 வரை அப்பல்கலைக்கழகத்தின் உபவேந்தராக இருந்தார். 1958இல் பொருளாதார வளர்ச்சி நிறுவனத்தையும், 1972இல் பெங்களூரில் சமூக, பொருளாதார மாற்றங்களுக்கான ஆய்வு நிறுவனத்தையும் தொடக்கினார். இடையில் பாராளுமன்ற உறுப்பினராகி, மத்திய கல்வி அமைச்சராகவும் பணியாற்றினார். 1991இல் காலமானார்.

நகரங்களைப் பற்றிய அவருடைய வேலை நமக்கு நெருக்கமானது. 1941இல் சுமார் 9 இலட்சமாக இருந்த டில்லியின் சனத்தொகை, பிரிவினை அகதிகளின் வருகையோடு 1951இல் 17 இலட்சத்தைத் தாண்டியது. இப்படி வீங்கிய ஒரு நகரத்தின் 1940 முதல் 1957 வரையான மாற்றத்தை பி.பி. தேசாயுடன் சேர்ந்து ஆராய்ந்து, 1965இல் நூலாக வெளியிட்டார். தன் பல்கலைக்கழகம் இருந்த நகரத்தையே அவர் ஆய்வுப் பொருளாக்கிக் கொண்டார் என்பதைக் கவனியுங்கள்.

அவருடைய இன்னொரு வாதத்தை நம் கடைத்தெருவில் வைத்தே விளங்கலாம். அரசு செலவிடும் பணம் கை மாறி மாறி உற்பத்தியையும் வேலையையும் பெருக்கும் என்றார் பொருளியலாளர் கெய்ன்ஸ். வறிய விவசாய நாடுகளில் அது அப்படியே நடக்காது என்று 1952இல் ராவ் எழுதினார். அங்கே கூடுதலாகக் கிடைக்கும் பணம் பெரும்பாலும் சாப்பாட்டுக்கே போகும். உணவு உற்பத்தி உடனே கூடாது. ஆகவே விலைதான் ஏறும்.

2021இல் தோட்டத் தொழிலாளரின் நாட்சம்பளம் 1000 ரூபாவென வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டது. அடுத்த ஆண்டே, 2022 செப்டெம்பரில், கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 90 சதவீதத்தைத் தாண்டியது. அந்த விலையேற்றத்துக்கு டொலர் நெருக்கடி போன்ற வேறு காரணங்கள் இருந்தன. ஆனாலும் பாடம் ஒன்றே: சம்பளத்தை மட்டும் பார்த்தால் போதாது, அந்தச் சம்பளம் எத்தனை கிலோ அரிசி வாங்குகிறது என்று பார்க்க வேண்டும்.

இது தோட்ட மக்களின் கதை மட்டுமல்ல. பதுளையிலும் பண்டாரவளையிலும் வெலிமடையிலும் கடை வைத்திருக்கும் நம்மவர் பலருடைய வியாபாரம் தோட்டத்துச் சம்பள நாளை நம்பியே ஓடுகிறது. லயத்தில் அடுப்பெரியாவிட்டால் கடையில் கடன் கொப்பி தடிக்கும். தோட்டத்து இளைஞரும் நம் பிள்ளைகளும் கொழும்புக்கு ஒரே பஸ்ஸில்தான் வேலை தேடிப் போகிறார்கள்.

உயர்தரத்தில் பிள்ளை கெட்டிக்காரன் என்றால் விஞ்ஞானம், இல்லையென்றால் கலை, வர்த்தகம் என்று பிரிப்பது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. பொருளியல் படிக்கும் பிள்ளையைப் பார்த்து 'இதைப் படித்து என்ன செய்யப் போகிறாய்' என்று கேட்கிறோம். ராவின் வாழ்க்கை அதற்கு ஒரு பதில்.

2005 முதல் ஊவா வெல்லஸ்ஸ பல்கலைக்கழகம் நம் வாசலிலேயே இருக்கிறது. பாடசாலை மட்டத்தில்கூடத் தொடங்கலாம். ஒரு வகுப்பு மாணவர் தம் ஊரிலிருந்து வேலைக்கு வெளியேறியவர் எத்தனை பேர், சம்பளத்தில் உணவுக்குப் போகும் பங்கு என்ன, கடைக்கு வரும் பணத்தில் ஊரில் தங்குவது எவ்வளவு என்று எழுதி எடுக்கட்டும். பள்ளிவாசல் நிருவாகங்களும் வர்த்தக சங்கங்களும் அதற்கு உதவட்டும். அப்படி நாமே எடுத்த கணக்கு கையில் இருந்தால், பிரதேச சபையிலும் கச்சேரியிலும் நம் கோரிக்கையை வேறு விதமாகப் பேசலாம்.