கோளாறை விலைக்கு வாங்குவது எப்படி?

பாட்டு அழகாகப் போய்க்கொண்டு இருந்தது. திடீர் என்று நடுவில் "கர்ர்ர்" என்று ஒரு சத்தம். தேன் கூட்டைக் கலைத்து விட்டது போல!

அமெரிக்காவில் இசைத்தட்டுகளுக்குப் பேர் போன நகரம் நாஷ்வில். அங்கே ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் மார்ட்டி ராபின்ஸ் என்ற பாடகரின் "டோன்ட் ஒர்ரி" பாட்டு பதிவானது. கிராடி மார்ட்டின் என்பவர் 6 தந்தி பேஸ் கித்தார் வாசித்தார். பதிவுக் கருவியில் ஒரு டிரான்ஸ்பார்மர் பழுது. அதன் வழியாக வந்த கித்தார் ஒலி கரகரத்து விட்டது.

வாசித்தவருக்கே அது பிடிக்கவில்லை. ஆனால் தயாரிப்பாளர் அதை அழிக்கவில்லை. 1961-ம் ஆண்டு அந்தப் பாட்டு, அமெரிக்க நாட்டுப்புறப் பாட்டு வரிசையில் 10 வாரம் முதல் இடத்தில் நின்றது!

செத்துப்போன கருவி

"அதே சத்தம் எங்களுக்கும் வேண்டும்" என்று மற்றவர்களும் வந்தார்கள். ஆனால் பழுதான கருவி அதற்குள் அடியோடு செத்து விட்டது. கூடத்தின் என்ஜினீயர் கிளென் ஸ்னாடிக்கு வேறு வழி இல்லை. டிரான்சிஸ்டர்களை வைத்து, அந்தக் கோளாறை வேண்டும் என்றே உண்டாக்கும் கருவி ஒன்றைச் செய்தார்.

கிப்சன் கம்பெனி அதை 1962-ல் "மேஸ்ட்ரோ பஸ்-டோன்" என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டு வந்தது. காலால் அழுத்தும் சிறு பெட்டி. முதலில் விற்பனை மந்தம். 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவின் கீத் ரிச்சர்ட்ஸ் "சாட்டிஸ்பேக்ஷன்" பாட்டில் அதை மிதித்தார். பிறகு என்ன? கடைகளில் இருந்த பெட்டிகள் எல்லாம் காலி!

அன்று ஒரே பெட்டி. இன்று நூற்றுக்கணக்கில் இருக்கின்றன. கையில் பணத்தை வைத்துக்கொண்டு கடைக்குப் போகும் வாலிபன் திண்டாடுகிறான்.

தலையை வெட்டும் பெட்டி

தந்தியின் அதிர்வு மேடும் பள்ளமுமான அலையாக வருகிறது. பெட்டி அந்த அலையின் தலையையும் அடியையும் வெட்டி விடுகிறது. வெட்டுப்பட்ட அலையில் புதிய மேல் சுரங்கள் முளைக்கின்றன. அதுதான் கரகரப்பு.

மெல்ல மழுங்கச் செய்தால் "ஓவர் டிரைவ்". கறாராக வெட்டினால் "டிஸ்டார்ஷன்". ஏறக்குறைய சதுரமாகவே ஆக்கி விட்டால் "பஸ்".

இதில் ஒரு சங்கதி உண்டு. "ச"வும் "ப"வும் சேர்த்து மீட்டினால் டிஸ்டார்ஷன் கம்பீரமாக முழங்கும். நடுவில் "க"வையும் சேர்த்தால் குழம்பி விடும். முழு கார்டு வாசிக்கிறவர் கடையில் அதையே மீட்டிப் பார்க்க வேண்டும். பெரும்பாலோர் அங்கே வேக விரலைக் காட்டி விட்டு, வீட்டுக்கு வந்து விழிக்கிறார்கள்.

கடையில் ராஜா, மேடையில் ஊமை

பெரிய ஏமாற்றம் இனிமேல்தான்.

நியூயார்க்கில் 1969-ல் பிறந்த "பிக் மப்" என்ற பெடலைத் தனி அறையில் வாசித்தால் சுவரே அதிரும். காரணம், அது அடித்தொனியையும் மேல்தொனியையும் தூக்கி, நடுத்தொனியை இறக்கி விடுகிறது. ஆனால் கித்தார் காதில் விழுவதே நடுத்தொனியால்தான்! டிரம்சும் பேசும் சேர்ந்ததும் அந்த ராட்சத ஒலி காணாமல் போய் விடலாம்.

ஜப்பானில் இருந்து வந்த "டியூப் ஸ்கிரீமர்" இதற்கு நேர்மாறு. தனியாகக் கேட்டால் மூக்கால் பாடுவது போல இருக்கும். குழுவோடு வாசித்தால் கூட்டத்தைப் பிளந்துகொண்டு வெளியே வரும்.

ஆகவே குழுவில் வாசிப்பவர், முடிந்தால் பெடலை ஒத்திகைக்குக் கொண்டு போய்ப் பார்ப்பது நல்லது. தன் கித்தார், தன் ஆம்ப்ளிபயர் இரண்டும் கூட இருக்க வேண்டும். அடுத்தவர் ஆம்ப்ளிபயரில் இனித்தது தன்னுடையதில் கசக்கும்.

இரண்டு பெடல்களை ஒப்பிடும்போது இரண்டின் சத்தமும் ஒரே அளவில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். சற்று உரக்க ஒலிப்பதையே காது "நல்லது" என்று சொல்லி விடும். இது காதின் பலவீனம். கடைக்காரருக்கு இது தெரியும்!

விலையைப் பார்த்து மயங்கவும் வேண்டாம், பயப்படவும் வேண்டாம். நிர்வாணா குழுவின் கர்ட் கோபேன் காலடியில் கிடந்தது "பாஸ் டி.எஸ்.-1" என்ற ஆரஞ்சு நிறப் பெட்டி. 1978-ல் வந்தது. மலிவான பெடல்களில் ஒன்று.

ஜெர்மேனியம் டிரான்சிஸ்டர் உள்ள பழைய ரகப் பஸ் பெட்டிகள் வெயிலுக்கு ஆகா. சூடு ஏறினால் குணம் மாறும். அவற்றில் பல, மின்சாரத் துருவமும் மாறி இருப்பவை. பெட்டியின் மேல் போட்டு இருக்கும் குறியைப் பார்க்காமல் அடாப்டரைச் சொருகினால் பெட்டி பாழ்.

பெடல் இல்லாதவன் என்ன செய்வான்? லண்டனில் கிங்க்ஸ் குழுவின் டேவ் டேவிஸ் என்ற 17 வயது வாலிபர், தன் சின்ன ஆம்ப்ளிபயரின் ஒலிபெருக்கிக் காகிதத்தைச் சவர பிளேடால் கீறி விட்டார். அந்தக் கிழிந்த சத்தத்தோடு வந்த "யூ ரியலி காட் மி" பாட்டு, 1964-ல் இங்கிலாந்தில் முதல் இடம் பிடித்தது.