விக்டோரியா காலத் தொல்லியல் பாணி அணிகலன்கள்: மீட்டுருவாக்கமும் மெய்ம்மையும்

முன்னுரை

விக்டோரியா அரசியின் ஆட்சிக்காலத்தில் (1837–1901) ஐரோப்பியச் செல்வர்கள் அணிந்த நகைகளுள் பழங்கால வடிவங்களைத் தழுவியவை தனியிடம் பெறுகின்றன. எட்ரூரிய, கிரேக்க, அசீரிய நாகரிகங்களின் தொல்பொருள்கள் அகழ்வுகளால் வெளிப்பட்டமை இப்போக்கிற்கு அடித்தளமாயிற்று. இவ்வணிகளில் பழமை எது, புதுமை எது என்பதை அறியும் வழியை, உரோம் நகரக் காஸ்தெல்லானி குடும்பத்தினரின் பணியை முன்வைத்து இக்கட்டுரை விளக்குகின்றது.

காஸ்தெல்லானி குடும்பத்தினர்

ஃபோர்துனாதோ பியோ காஸ்தெல்லானி 1814இல் உரோமில் நகைத்தொழில் தொடங்கினார். 1836இல் செர்வெதெரியில் ரெகோலினி-கலாசி கல்லறை திறக்கப்பட்டு, கி.மு. ஏழாம் நூற்றாண்டின் எட்ரூரியப் பொன்னணிகள் கிடைத்தன. அவற்றை ஆராய்ந்த வாய்ப்பு அவரது தொழிலின் திசையை மாற்றியது. அவர்தம் மைந்தர்களுள் அகஸ்தோ உரோமில் பணியைத் தொடர்ந்தார். அரசியல் காரணங்களால் வெளியேறிய அலெஸ்ஸாண்ட்ரோ பாரிசிலும் இலண்டனிலும் இப்பாணியைப் பரப்பினார்.

பொன்மணி வேலைப்பாடு

எட்ரூரியர் ஒரு மில்லிமீட்டரினும் சிறிய பொன்மணிகளைத் தகட்டின்மேல் வரிசையாகப் பதித்தனர். காஸ்தெல்லானியர் வழக்கமான பற்றாசினை நுண்ணிதாக்கிப் பயன்படுத்தினர். எனினும் பற்றாசு உருகி மணிகளின் இடுக்குகளை நிரப்பியதால் பழைய தெளிவு முழுமையாகக் கைகூடவில்லை. பண்டையோர் வேறொரு வேதிமுறையைக் கையாண்டிருத்தல் வேண்டும் என அலெஸ்ஸாண்ட்ரோ கருதினார். அக்கருத்துக்கு 1930களில் இங்கிலாந்தில் லிட்டில்டேல் வலுச்சேர்த்தார். செப்புச் சேர்மத்தையும் பசையையும் கலந்து மணிகளை ஒட்டிச் சூடாக்கினால் பசை கரியாகும். கரி செப்பு ஆக்சைடைச் செம்பாக மாற்றும். அச்செம்பு மணி தொடுமிடத்துப் பொன்னுடன் மட்டும் கலந்து இணையும் என அவர் செய்துகாட்டினார்.

மெய்ம்மைச் சிக்கல்

காம்பானா பிரபு திரட்டிய தொல்லணிகளைச் செப்பனிட்டவர்களும் காஸ்தெல்லானியரே. 1861இல் மூன்றாம் நெப்போலியன் வாங்கிய அத்தொகுப்பு பாரிசின் லூவர் அருங்காட்சியகத்தை அடைந்தது. அவ்வணிகளுட் பல, பழைய உறுப்புகளோடு புதியவற்றை இணைத்து உருவாக்கப்பட்டவை எனப் பின்வந்த ஆய்வுகள் காட்டின. எனவே அவற்றின் வடிவத்தை மட்டும் கொண்டு எட்ரூரியரின் அணிமரபை வரையறுப்பது பிழையாகும்.

இதற்கு மாறான சான்றும் உண்டு. அசீரிய அகழாய்வாளர் லேயார்டு, தம் துணைவியார் ஈனிடுக்காகத் தொன்மையான உருளை முத்திரைகளைப் பொன்னிற் கோத்துக் கழுத்தணி செய்வித்தார். இன்று பிரித்தானிய அருங்காட்சியகத்தில் உள்ள அவ்வணியில் முத்திரை பழமையானது, அமைப்பு புதியது என்பது வெளிப்படை. காஸ்தெல்லானியரும் தம் சொந்தப் படைப்புகளில் பின்னிய இரு 'சி' எழுத்துகளைப் பொறித்தனர். செப்பனிட்ட அணிகளிலோ பழையதும் புதியதும் ஒன்றாய் மறைந்தன.

முடிவுரை

மீட்டுருவாக்க அணிகள் பத்தொன்பதாம் நூற்றாண்டு பழமையை எவ்வாறு விளங்கிக்கொண்டது என்பதற்கான சான்றுகளாகும். வடிவம் பின்பற்றத்தக்கது, செய்முறையோ எளிதிற் கைவராதது. ஆதலின் அணியொன்றின் காலத்தைக் கணிக்க முற்படுவோர் அதன் தோற்றத்தோடு இணைப்பிடத்தையும் நுணுகி நோக்குதல் இன்றியமையாததாகும்.