‘பரிசல் இயக்கத் தடை’: இந்த ஒரு வரிச் செய்தி ஒகேனக்கல் மக்களுக்கு என்ன அர்த்தம்?

‘ஒகேனக்கல்லில் நீர்வரத்து அதிகரிப்பு, அருவியில் குளிக்கவும் பரிசல் இயக்கவும் தடை.’

ஒவ்வொரு வருடமும் ஜூன், ஜூலை வந்துவிட்டால் இந்தச் செய்தி உங்கள் செல்போனில் கட்டாயம் வரும். டூர் போக நினைத்தவர்கள் ‘அடுத்த மாசம் பார்த்துக்கலாம்’ என்று நகர்ந்துவிடுவார்கள். ஆனால் தருமபுரி மாவட்டம் பென்னாகரம் தாலுகாவில், காவிரிக் கரையில் இருக்கும் அந்தச் சின்ன ஊருக்கு இது அன்றைய சம்பளம் இல்லை என்கிற அறிவிப்பு. தடை எத்தனை நாளுக்கு என்பதும் யாருக்கும் தெரியாது.

ஒரு ஊரின் வேலை, சாப்பாடு, திருவிழா எல்லாமே ஆற்றில் வரும் தண்ணீரின் அளவை நம்பி இருப்பது எப்படி? விரிவாகப் பார்க்கலாம்.

ஒகேனக்கல்: பெயருக்கு என்ன அர்த்தம்?

தருமபுரியில் இருந்து சுமார் 46 கிலோமீட்டர். பென்னாகரம் தாண்டி காட்டுக்குள் இறங்கும் மலைப்பாதையின் முடிவில் காவிரி. அக்கரை கர்நாடகம்.

கன்னடத்தில் ‘ஹொகெ’ என்றால் புகை. ‘கல்’ நமக்குத் தெரிந்த அதே கல்தான். தண்ணீர் பாறையில் மோதிச் சிதறும்போது புகை எழுவது போலத் தெரிவதால் வந்த பெயர். தமிழில் ‘ப’ வரும் பல சொற்கள் கன்னடத்தில் ‘ஹ’ ஆகிவிடும். பால் அங்கே ‘ஹாலு’, பல் ‘ஹல்லு’. அதே கணக்கில் நம் ‘புகை’தான் அங்கே ‘ஹொகெ’. எல்லையில் இருக்கும் ஊருக்கு இரண்டு மொழிக்கும் சொந்தமான பெயர்.

கனஅடி என்றால் எவ்வளவு தண்ணீர்?

செய்தியில் ‘வினாடிக்கு 10,000 கனஅடி’ என்று படிக்கிறோம். ஒரு கனஅடி என்பது சுமார் 28.3 லிட்டர். அப்படியென்றால் 10,000 கனஅடி என்பது ஒவ்வொரு வினாடியும் 2.83 லட்சம் லிட்டர். 12,000 லிட்டர் தண்ணீர் லாரி ஒன்றைக் கணக்கில் வைத்துக்கொண்டால், ஒரு வினாடிக்கு 23 லாரிக்கும் மேல் உங்களைத் தாண்டிப் போகிறது.

2018, 2019, 2022, 2024 ஆகிய ஆண்டுகளின் வெள்ளத்தில் ஒகேனக்கல்லில் நீர்வரத்து 1 லட்சம் கனஅடியைத் தாண்டியது. அந்த அளவு வந்துவிட்டால் அங்கே அருவியே தெரியாது. பாறைகள் முழுகி, கரையில் இருந்து கரை வரை செந்நிறத்தில் ஒரே வெள்ளக்காடு.

இந்தத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது?

குடகிலும் கேரளத்தின் வயநாட்டிலும் பெய்யும் தென்மேற்குப் பருவமழைதான் ஆரம்பம். அந்த மழை கர்நாடகத்தின் கிருஷ்ணராஜ சாகர், கபினி அணைகளை நிரப்பும். அணை நிரம்பி உபரி நீரைத் திறந்தால், அது ஒகேனக்கல் வந்து சேர சுமார் இரண்டு நாள் ஆகும்.

அணையைத் திறக்காமலும் தண்ணீர் கூடும். வழியில் சிம்ஷா, அர்க்காவதி ஆறுகள் காவிரியில் கலக்கின்றன. அஞ்செட்டி, நாட்றாம்பாளையம், ராசிமணல் பக்கம் நல்ல மழை பெய்தால் அந்தக் காட்டாற்று நீரும் சேர்ந்துகொள்ளும்.

ஒகேனக்கல்லுக்கு மேலே, தமிழக எல்லையில் பிலிகுண்டுலு. மத்திய நீர்வள ஆணையம் அங்கேதான் தண்ணீரை அளக்கிறது. உச்ச நீதிமன்றம் 2018 பிப்ரவரி 16-ம் தேதி அளித்த தீர்ப்பின்படி, சாதாரண மழை பெய்யும் ஆண்டில் கர்நாடகம் தமிழ்நாட்டுக்குத் தரவேண்டிய 177.25 டிஎம்சி இங்கேதான் கணக்கிடப்படுகிறது.

அந்தக் கணக்கை மாதவாரியாகப் பார்த்தால் இன்னொன்று புரியும். ஆகஸ்ட் மாதத்துக்கு 45.95 டிஎம்சி, சராசரியாக வினாடிக்கு 17,000 கனஅடி. பிப்ரவரி முதல் மே வரை மாதத்துக்கு வெறும் 2.5 டிஎம்சி, வினாடிக்குச் சுமார் 1,000 கனஅடிதான். ஒரே ஆறு, ஆறு மாதத்தில் பதினேழு மடங்கு மாறுகிறது. கரையில் இருப்பவர்களின் வாழ்க்கையும் அதோடு சேர்ந்து ஏறி இறங்குகிறது.

ஆற்றை நம்பி யாரெல்லாம் இருக்கிறார்கள்?

முதலில் பரிசல் ஓட்டிகள். நூற்றுக்கணக்கான குடும்பங்கள். ஒகேனக்கல், ஊட்டமலை பகுதிகளில் அப்பாவிடம் இருந்து மகனுக்கு வந்த தொழில் இது. மூங்கிலைப் பிளந்து, கூடை போலப் பின்னி, அடியில் அந்தக் காலத்தில் மாட்டுத்தோலைப் போர்த்துவார்கள். இப்போது பிளாஸ்டிக் தாள் போட்டுத் தார் பூசுகிறார்கள்.

வட்டமாக ஏன்? பாறைகள் நிறைந்த ஆற்றில் கூர்மையான முனையுள்ள படகு மோதினால் மாட்டிக்கொள்ளும். பரிசல் மோதினால் சுழன்று விலகிவிடும். அடிப்பகுதி தட்டையாக இருப்பதால் ஆழம் குறைவான இடத்திலும் மிதக்கும். கரைக்கு வந்ததும் ஒரே ஆள் தலையில் கவிழ்த்துத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். இராக்கின் டைகிரிஸ் ஆற்றிலும், வேல்ஸ் நாட்டு ஆறுகளிலும், வியட்நாம் கடற்கரையிலும் இதே போன்ற கூடைப் படகுகள் உண்டு.

அடுத்து மீன். கட்லா, ரோகு, கெளுத்தி, வாளை என்று ஆற்று மீனைப் பிடிப்பவர்கள், விற்பவர்கள், மசாலா தடவிப் பொரித்துத் தருபவர்கள் தனித்தனி. நாம் மீனை வாங்கிக் கொடுத்தால், அங்கேயே அடுப்பு மூட்டி, குழம்பும் வறுவலும் சோறும் செய்து தரும் பெண்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கடையும் கிடையாது, போர்டும் கிடையாது. கைப்பக்குவம் மட்டும்தான் முதலீடு.

அப்புறம், எண்ணெய் மசாஜ் தொழிலாளர்கள். உடம்பு முழுக்க எண்ணெய் தேய்த்து, கை கால் சொடுக்கெடுத்து, அருவியில் போய் நிற்கச் சொல்வார்கள். ஒகேனக்கல் குளியல் என்றாலே இதுதான் வழக்கம்.

ஆற்றில் இறங்கத் தடை போட்டால் இந்த நான்கு தொழிலும் ஒரே நேரத்தில் நின்றுபோகும்.

தண்ணீர் நிறைய வந்தால் நல்லதுதானே?

மேட்டூர் அணைக்கும் டெல்டா விவசாயிக்கும் நல்லது. ஒகேனக்கல்லில் கதை வேறு.

தண்ணீர் ரொம்ப அதிகமானால் மாவட்ட நிர்வாகம் பரிசலையும் குளியலையும் தடை செய்யும். சுழலும் பாறையும் உள்ள ஆற்றில் அது அவசியம்தான். ரொம்பக் குறைந்தாலும் பிரச்சினை. அருவி நூல் போல ஒழுகும், பரிசல் பாறையில் உரசும், பார்க்க வருகிற கூட்டமும் குறைந்துவிடும். 2023-ல் கர்நாடகத்தில் பருவமழை பொய்த்து, தண்ணீருக்காகத் தமிழ்நாடு உச்ச நீதிமன்றம் போனது நினைவிருக்கும்.

ஆக, வெள்ளமும் வேண்டாம், வறட்சியும் வேண்டாம். நடுவில் ஒரு அளவு. அந்த அளவில் ஆறு ஓடும் நாட்கள்தான் இந்த ஊரின் வேலை நாட்கள். தடை நீண்டால், இளைஞர்கள் கட்டட வேலைக்குப் பெங்களூரு, ஓசூர் பஸ் ஏறுவார்கள்.

கடலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். தேதி முன்கூட்டியே தெரியும். மீனவக் குடும்பங்களுக்கு அரசு நிவாரணத் தொகையும் தருகிறது. ஒகேனக்கல் தடைக்குத் தேதி கிடையாது. இன்று போட்டது நாளைக்கே நீங்கலாம், வாரக்கணக்கில் நீளவும் செய்யலாம். தடை நாட்களுக்குத் தங்களுக்கும் நிவாரணம் வேண்டும் என்று பரிசல் தொழிலாளர்கள் கேட்பதன் நியாயம் இங்கேதான் இருக்கிறது.

ஆடி 18 அன்று என்ன நடக்கும்?

குடகு மழை ஜூனில் பிடித்து, அணைகள் நிரம்பி, புதுத்தண்ணீர் இங்கே வந்து சேரும் காலம்தான் ஆடி. ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பதற்கும் ஆடிப்பெருக்குக்கும் பின்னால் இருப்பது இந்த நீர்க்கணக்குதான்.

ஆகஸ்ட் 2 அல்லது 3-ம் தேதி வரும் ஆடி 18 அன்று சுற்று வட்டாரமே ஒகேனக்கல்லில் இருக்கும். புதுமணத் தம்பதிகள் வந்து தாலிக்கயிறு மாற்றிக்கொள்வார்கள். காதோலை, கருகமணி, பூ, பழம் வைத்துக் காவிரிக்குப் படைப்பார்கள். தங்கள் ஊர்ச் சாமியைக் கொண்டுவந்து ஆற்றில் நீராட்டிக் கொண்டுபோகும் வழக்கமும் உண்டு. கரையில் இருக்கும் தேசநாதீஸ்வரர் கோயிலில் கூட்டம் அலைமோதும். மாவட்ட நிர்வாகமும் இங்கே ஆடிப்பெருக்கு விழா நடத்துகிறது.

இதில் ஒரு சிக்கல். ஆற்றுப் பெருக்கைக் கொண்டாடத்தான் விழாவே. பெருக்கு அளவு மீறினால் ஆற்றில் இறங்கத் தடை. அப்படிப்பட்ட ஆண்டுகளில் காவல்துறை தடுப்பு போட்டிருக்க, மக்கள் தள்ளி நின்று கும்பிட்டுவிட்டுத் திரும்புகிறார்கள்.

கொண்டாட்டத்துக்கு மட்டும் இல்லை. ஆடி, தை அமாவாசைகளில் முன்னோருக்குத் தர்ப்பணம் கொடுக்கவும் இதே கரைக்குத்தான் வருகிறார்கள்.

காட்டில் என்னென்ன இருக்கிறது?

2022 நவம்பரில் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் காட்டை ‘காவிரி தெற்கு வனவிலங்கு சரணாலயம்’ என்று தமிழ்நாடு அரசு அறிவித்தது. 35 வகைப் பாலூட்டிகளும் 238 வகைப் பறவைகளும் இங்கே பதிவாகியுள்ளன. ஆற்றில் நீர்நாய், முதலை, லெய்த் மெல்லோட்டு ஆமை. காட்டில் யானை, நாற்கொம்பு மான். ஒகேனக்கல்லில் வனத்துறையின் முதலைகள் மறுவாழ்வு மையமும் இருக்கிறது.

கோடையில் காட்டுக்குள் குட்டைகள் வற்றியதும் யானைகள் சின்னாற்றுக்கும் காவிரிக்கும் இறங்கி வரும். பென்னாகரம் சாலையில் வண்டியை நிறுத்தி செல்ஃபி எடுக்காதீர்கள் என்று வனத்துறை சொல்வது அதனால்தான்.

காவிரியின் பெருமையான திமில் மயில் கெண்டை மீன் இன்று அழிவின் விளிம்பில் உள்ள இனங்களின் பட்டியலில் இருக்கிறது. வெடி வைத்து மீன் பிடிப்பது குஞ்சு, முட்டை எதையும் விட்டுவைக்காது. அது சட்டப்படி குற்றமும்கூட. பெங்களூருவின் கழிவுநீர் விருஷபாவதி வழியாக அர்க்காவதியில் சேர்ந்து, அங்கிருந்து காவிரிக்குள் வருவது இன்னொரு தலைவலி.

தருமபுரிக்கே குடிநீர் இங்கிருந்துதானா?

ஆமாம். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். அந்தத் தண்ணீரையே வருடக்கணக்கில் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை படியும். போகப் போக எலும்பும் மூட்டும் பாதிக்கும். இதற்காக ஜப்பான் நிதியுதவியுடன் 1,900 கோடி ரூபாய்க்கும் மேல் செலவில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டது. 2008-ல் அடிக்கல், 2013-ல் தொடக்கம். இன்று ஒகேனக்கல் பக்கமே போகாத தருமபுரிக்காரர் வீட்டுக் குழாயிலும் இந்த ஆறுதான் வருகிறது.

மேகதாது கட்டினால் என்ன ஆகும்?

ஒகேனக்கல்லுக்கு மேலே, மேகதாதுவில் 67 டிஎம்சி கொள்ளளவில் அணை கட்ட கர்நாடகம் திட்டமிட்டுள்ளது, தமிழ்நாடு எதிர்க்கிறது. டெல்டா பாசனம் பற்றித்தான் இந்த விவாதத்தில் அதிகம் பேசப்படுகிறது. ஆனால் அந்த அணை வந்தால், அதன் கதவைத் தாண்டி வரும் தண்ணீரை முதலில் பார்க்கப் போகும் ஊர்களில் ஒன்று ஒகேனக்கல். வெள்ளம் எப்போது, வறட்சி எப்போது என்பதை மழையை விட அந்தக் கதவே அதிகம் தீர்மானிக்கும். நடுவில் இருக்கும் அந்த ‘வேலை நாட்கள்’ கூடுமா, குறையுமா என்பது இந்த ஊர் கேட்க வேண்டிய கேள்வி.

நீங்கள் போவதாக இருந்தால்...

கிளம்பும் முன் நீர்வரத்தும் தடை நிலவரமும் பார்த்துவிடுங்கள். கர்நாடக அணைகளில் தண்ணீர் திறந்ததாகச் செய்தி வந்தால், இரண்டு நாள் கழித்து அது ஒகேனக்கல்லில் இருக்கும் என்று கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். பரிசலில் லைஃப் ஜாக்கெட் இல்லாமல் ஏறாதீர்கள். நடு ஆற்றில் எழுந்து நின்று போட்டோ எடுக்காதீர்கள். பிளாஸ்டிக் பாட்டிலை ஆற்றங்கரையில் விட்டுவிட்டு வராதீர்கள்.

போன அன்று தடை என்றால் அப்படியே வண்டியைத் திருப்ப வேண்டியதில்லை. அனுமதி உள்ள இடத்தில் பாதுகாப்பாக நின்று வெள்ளத்தைப் பாருங்கள். அடுப்போடு காத்திருக்கும் அக்காவிடம் ஒரு வேளை மீன் சாப்பாடு சொல்லுங்கள். அன்றைக்கு அவருக்கு வருகிற முதல் வருமானம் அதுவாகவும் இருக்கலாம்.