தெரிந்து வாங்குவோம்

பெங்களூரு அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலை ஒன்று உள்ளது. அது 2009ஆம் ஆண்டு ஆகஸ்டு 9ஆம் நாள் திறந்துவைக்கப்பட்டது. வள்ளுவர் இயற்றிய திருக்குறளின் 47ஆம் அதிகாரம் ‘தெரிந்துசெயல்வகை’ ஆகும். ஒரு செயலில் இறங்கும் முன்னரே அதனால் விளையும் செலவையும் பயனையும் ஆராய்தல் வேண்டும் என்பது அதன் கருத்து. அரசர்க்குக் கூறப்பட்ட இவ்வறிவுரை, விளையாட்டுப் பொறி வாங்க விரும்பும் இன்றைய சிறுவர்க்கும் பொருந்தும்.

இருவகைப் பொறிகள்

காணொளி விளையாட்டுப் பொறிகள் இருவகைப்படும். தொலைக்காட்சியுடன் இணைத்து ஆடுவது ‘கன்சோல்’ எனப்படும். திரையும் மின்கலமும் தன்னுள்ளே கொண்டு, கையில் ஏந்தி ஆடுவது கையடக்கப் பொறி எனப்படும். வீட்டில் ஒரே தொலைக்காட்சி இருப்பின், கன்சோலில் ஆடும்போது பிறர் செய்தி பார்க்க இயலாது. விடுமுறையில் தொடர்வண்டியில் சொந்த ஊருக்குச் செல்லும்போதும் அது பயன்படாது. ஆகவே, ‘எது சிறந்தது?’ என்று கேட்கும் முன், ‘எங்கே, யாருடன் ஆடப்போகிறோம்?’ என்று கேட்பதே முறை.

ஆற்றல் மட்டும் போதுமா?

1989ஆம் ஆண்டு ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் ‘கேம் பாய்’ எனும் கையடக்கப் பொறியை வெளியிட்டது. அதன் திரையில் வண்ணங்கள் இல்லை. அடுத்த ஆண்டு சேகா நிறுவனம் வண்ணத் திரையுடன் ‘கேம் கியர்’ பொறியைக் கொணர்ந்தது. ஆனால், அது ஆறு மின்கலங்களைச் சில மணி நேரத்திலேயே தீர்த்துவிட்டது. கேம் பாயோ நான்கு மின்கலங்களில் பத்து மணி நேரத்திற்கும் மேலாக இயங்கியது, விலையும் குறைவு. விற்பனையில் கேம் பாயே வென்றது.

விலைப்பட்டியல் சொல்லாத கணக்கு

2020ஆம் ஆண்டு நவம்பர் 10ஆம் நாள் மைக்ரோசாஃப்ட் நிறுவனத்தின் புதிய எக்ஸ்பாக்ஸ் பொறிகள் இந்தியாவுக்கு வந்தன. அதே மாதம் பிற நாடுகளில் வெளியான சோனியின் பிளேஸ்டேஷன் 5, இங்கு 2021 பிப்ரவரி 2ஆம் நாள்தான் வெளியிடப்பட்டது. அன்று அறிவிக்கப்பட்டிருந்த விலைகள் வருமாறு:

• எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ், வட்டு இயக்கியுடன்: ரூ. 49,990
• எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எஸ், வட்டு இயக்கி இன்றி: ரூ. 34,990
• பிளேஸ்டேஷன் 5, வட்டு இயக்கியுடன்: ரூ. 49,990
• பிளேஸ்டேஷன் 5, வட்டு இயக்கி இன்றி: ரூ. 39,990

இரண்டு பிளேஸ்டேஷன்களுக்கும் இடையே 10,000 ரூபாய் வேறுபாடு உண்டு. மலிவானதே இலாபம் என்று தோன்றும். எனினும், அக்காலத்தில் சில புதிய ஆட்டங்களின் விலை தலா 4,999 ரூபாய். நண்பரிடம் இரண்டு வட்டுகளை இரவல் பெற்று ஆடினாலே 9,998 ரூபாய் மிஞ்சும். வட்டில்லாப் பொறிக்கு ஆட்டங்களை இணையவழியே வாங்க வேண்டும்; அவற்றைப் பிறர்க்கு மறுவிற்பனை செய்ய இயலாது. வட்டு மாற்றிக்கொள்ள நண்பர் இல்லாதவர்க்கு இக்கணக்கு மாறும். எனவே, ஒருவர்க்கு ஏற்ற பொறி மற்றவர்க்கும் ஏற்றதாகும் என்பதில்லை.

வரவிருக்கும் பொறியை ஒப்பிடும்போது

புதிய பொறியில் பழைய ஆட்டங்கள் இயங்குமா என்று அறிதல் வேண்டும். முன்பு வாங்கிய துணைக்கருவிகள் பொருந்துமா என்பதும் முக்கியம். 2025 ஜூன் மாதம் வெளிவந்த நிண்டெண்டோ சுவிட்ச் 2, முந்தைய சுவிட்சின் பெரும்பாலான ஆட்டங்களை ஏற்கிறது. ஆனால் பழைய நினைவக அட்டையில் ஆட்டங்களைச் சேமிக்க இயலாது. வெளிநாட்டிலிருந்து தருவிக்கப்பட்ட பொறியாயின், பழுது நேர்ந்தால் இங்கு யார் சரிசெய்வர் என்பதையும் உத்தரவாதச் சீட்டைப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும்.

ஒரு பொறியின் விலை, பல குடும்பங்களில் ஒரு மாத வருவாயைவிட மிகுதி. விளம்பரத்தைக் காட்டி அடம்பிடிக்கும் பிள்ளையின் சொல்லைவிட, கணக்கு எழுதிக் காட்டும் பிள்ளையின் சொல்லைப் பெற்றோர் செவிமடுப்பர். ‘இப்போது வேண்டா’ என்பதே அக்கணக்கின் விடையாயினும், அதனை அப்பிள்ளையே கண்டறிந்திருக்கும்.

சொற்பொருள்

இரவல் – திருப்பித் தருவதாகக் கூறிப் பெறுவது
தலா – ஒவ்வொன்றுக்கும்
செவிமடுத்தல் – கவனித்துக் கேட்டல்

பயிற்சி

1. கேம் பாய் விற்பனையில் வென்றதற்கான இரண்டு காரணங்களை எழுதுக.
2. ரூ. 39,990 விலையுள்ள பொறியுடன் தலா ரூ. 4,999 விலையுள்ள மூன்று ஆட்டங்களை வாங்கினால் மொத்தச் செலவு எவ்வளவு?
3. வீட்டில் அடுத்து வாங்கவுள்ள ஒரு பொருளின் இரண்டு வகைகளை ஒப்பிட்டு, பெற்றோருடன் கலந்து அட்டவணை அமைக்க.